பக்கோடாவின் சம்மதம்

நான் படித்த மனித-விலங்கு உறவியலை "நாய்ப் படிப்பு" என்று கேலி செய்த ஊரில், இன்று நானில்லாமல் பெண் பார்க்க முடியாது. வீட்டு நாயின் சம்மதமும் வேண்டும் என்பது புதுச் சட்டம்.

இன்று தாமரைச்செல்வியின் வீடு.

"எனக்கு நாய்னா கொஞ்சம் பயங்க," என்று மாப்பிள்ளை நெளிந்தார்.

அந்த வீட்டு நாய் பக்கோடா அவரை மோந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற தாமரையின் முகத்தைத்தான் பார்த்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். உடனே அது வாலை ஆட்டியபடி ஓடிவந்து மாப்பிள்ளையின் மடியில் ஏறிப் படுத்தது.

"என்ன மேடம், பக்கோடா சம்மதிச்சிருச்சா?" என்றார் பெண்ணின் அப்பா.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சம்மதம் உங்க பொண்ணோடது சார். நீங்க யாரும் கேக்கல, பக்கோடாதான் கேட்டுச்சு."