கிறுக்கல் இல்லாத பெஞ்சு

"கிறுக்கல் விழுந்த ஒரு பெஞ்சுகூடப் புதுக் கட்டடத்துக்குள்ள நுழையக் கூடாது!" என்று ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் உத்தரவு போட்டிருந்தார். இடம் மாற இன்னும் மூன்றே நாள்.

தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"போன கோடை லீவுலதான் இருநூறு பெஞ்சையும் இழைச்சுக் கொடுத்தேன் சார். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் தேறுது. மிச்சத்துல பேரு, அம்புக்குறி, அப்புறம் உங்க மூஞ்சி..."

"போதும்யா! விவரம் கேக்கல."

தலைமையாசிரியர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உத்தரவை வாபஸ் வாங்கினால் மானம் போகும். வாங்காவிட்டால் பள்ளிக்கூடமே தரையில் உட்காரும். மானத்தைக் காப்பாற்ற அந்த ஒற்றைப் பெஞ்சுதான் மிச்சம்.

"அது எந்த க்ளாஸ் பெஞ்சு?"

"பத்தாம் வகுப்பு பி, கடைசி வரிசை சார்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர், ஒழுக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பொளந்து கட்டினார். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டார்.

"பத்தாம் வகுப்பு பி, கடைசி பெஞ்ச் பசங்க மேடைக்கு வாங்கப்பா! புதுக் கட்டடத்து ரிப்பனை நீங்கதான் வெட்டப் போறீங்க!"

மூன்று பையன்கள் தயங்கித் தயங்கி ஏறி வந்தார்கள். ஆசிரியர்கள் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"வருஷம் பூரா ஒரு கீறல்கூட இல்லாம எப்படிப்பா வெச்சிருந்தீங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!" என்று மைக்கை நீட்டினார்.

நெட்டையாக இருந்தவன் மைக்கை வாங்கினான்.

"உக்காந்தாத்தானே சார் கிறுக்க முடியும்? ஸ்கூல் தொறந்த அன்னிக்கு டியூப்லைட்டை உடைச்சதுக்கு, 'நான் சொல்ற வரைக்கும் பெஞ்சு மேலயே நில்லுங்கடா'ன்னு சொன்னீங்க. இன்னும் இறங்கச் சொல்லவே இல்லியே சார்!"