நான்காம் நிரை

காலை ஏழு பத்துக்கு அவள் அலுவலறையைத் திறந்தாள். சாவி அவளிடம் மட்டுமே இருக்கிறது. வெள்ளைப் பலகையில் மூன்றாம் நிரை எழுதப்பட்டிருந்தது.

நான்கு நிரைகளில் எண்களை அடுக்கும் சிம்ப்ளெக்டிக் அணி அது. அதில் நிரைகள் இணை இணையாக அமைய வேண்டும். ஒன்றையும் மூன்றையும் கணவர் எழுதுவார், அவற்றின் இணைகளை அவள் எழுதுவாள். இருபது வருடப் பழக்கம். இந்த அணியில் முதல் நிரையை எழுதிய வாரம் அவர் இறந்துபோனார். எட்டு மாதம் கழித்து, நேற்றுதான் அவள் இரண்டாவதை எழுதினாள்.

மூன்றாவதைச் சரிபார்த்தாள். பிழை இல்லை. ஏழின் இடுப்பில் அவருடைய குறுக்குக்கோடு இருந்தது.

பக்கத்து அறையில் வேலை பார்க்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"மூணு முடிச்சிட்டீங்களா அண்ணி? மிச்சம் அஞ்சு நிமிஷ வேலை. அண்ணன் இருந்தா, இன்னும் முடிக்கலையான்னு இந்நேரம் முறைச்சிருப்பான்."

நாத்தனார் போனதும், எழுதத் திறந்த பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தக் குறுக்குக்கோட்டைப் பார்த்தாள்.

"நாலாவதை நான் எழுதிட்டா, அப்புறம் எதுக்கு வருவீங்க?"