பக்கத்துக் கட்டிலின் நாட்கள்

பக்கத்துக் கட்டிலுக்கு இருநூற்றுப் பத்து நாள்.

ராசாத்தி கண்விழித்ததும் முதலில் பார்த்தது அந்தத் தாளைத்தான். தன் புருஷன் வெங்கடாசலத்தின் கட்டிலில் தொங்கிய தாளை அப்புறம்தான் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

இரண்டு கட்டில்காரர்களுக்கும் ஈரலில் புற்று. இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் இந்தச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திங்கட்கிழமைதோறும் நர்ஸ் ரஞ்சனி கையடக்கத் திரை டேப்லெட்டோடு வருவாள். எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை மணி நேரம் படுத்திருந்தார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டுக் கேட்டுத் தட்டுவாள். கஞ்சிக் கிண்ணத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து, இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்பார் என்று அந்த டேப்லெட் சொல்லிவிடும். அதைத் தாளில் எழுதித் தொங்கவிட்டுப் போவாள்.

தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்று திங்கட்கிழமை.

வெங்கடாசலம் இரண்டு கரண்டிக்கு மேல் வாய் திறக்கவில்லை. ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர், ஒரே மூச்சில் பத்து இட்லி தின்ற மனுஷன்.

"ஏனுங்க, இன்னும் ஒரே ஒரு வாய் குடிச்சுப்போடுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் கிண்ணம் நாள் தவறாமல் காலியாகத்தான் போகும். அதில் படுத்திருப்பவர் அம்மாபேட்டைப் பெரியநாயகியின் புருஷன். அதே கஞ்சி, அதே சமையற்கட்டு. கொடுத்து வைத்தவள். வந்தபோது ஈர்க்குச்சி மாதிரி இருந்தவள், இந்த மூன்று வாரத்தில் பூசினாற்போல் ஆகிவிட்டாள். புருஷன் தேறினால் பெண்டாட்டி உடம்பில் தெரியாதா?

ராசாத்திக்கு வயிறு எரிந்தது. அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று அவள் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. தாளைத்தான் பார்த்தாள். அந்த இருநூற்றுப் பத்தில் ஒரு நூறு இந்தப் பக்கம் வந்தால் அவளுக்கு என்ன குறைந்துவிடும் என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

நிறைந்த கிண்ணம் ரஞ்சனியின் கண்ணில் படக்கூடாது. கொட்டிவிடலாமென்று குழாயடிக்குக் கொண்டுபோனாள். சாய்க்கக் கை வரவில்லை. படுத்தவருக்கு வைத்த சோற்றைச் சாக்கடையில் கொட்டினால் அவர் ஆயுசைக் கொட்டினாற்போல என்பார்கள் அவள் ஊரில்.

தானே குடித்துவிட வேண்டியதுதான். யாரும் பார்க்காமல், துணி காயப்போடும் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

அங்கே பெரியநாயகி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் தின்று கழுவிய தட்டு பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கையில் இருந்தது புருஷனின் கிண்ணம். அதில் பாதிதான் குறைந்திருந்தது. வாய் நிறையக் கஞ்சி. விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியது.

பெரியநாயகி நிமிர்ந்து ராசாத்தியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த நிறைந்த கிண்ணத்தையும் பார்த்தாள்.

வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இடுப்பில் சொருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை ராசாத்தியின் கிண்ணத்தில் வைத்தாள்.

"வெறுங்கஞ்சி எறங்காதுங்க. வெரசாக் குடிங்க, நர்சம்மா வந்துரும்."