தட்டில் வைக்க வேண்டிய கால்

"அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? புடவைக்குள்ள இருக்கிற காலை எவன் பாக்கப் போறான்?" கல்யாண மண்டபத்து அறைக்குள் தணிகாசலம் மனைவியிடம் கத்தினார்.

"பாத பூஜையில மண்டபமே பாக்கும்," என்றாள் சுகுணா.

முப்பது வருஷம் நின்றுகொண்டே பாடம் எடுத்த டீச்சர். கணுக்காலில் சிலந்தி வலைபோல நீல நரம்புகள் படர்ந்திருந்தன. மகன் கல்யாணத்துக்குள் மறையட்டும் என்று ஊசி போட்டுக்கொண்டாள். தோல் கறுக்கலாம், சிலருக்குப் புண்கூட வரலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சிலர் வேறு யாரோ என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். இப்போது நரம்பு போன இடத்தில் காப்பிக் கறைபோல ஒரு தடம், நடுவில் ஆறாத புண். அதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம்.

"அக்காவை என் பக்கத்துல உக்காரச் சொல்றேன். உனக்கு மயக்கம்னு சொல்லிக்கலாம்."

"பெத்தவ நான் உசுரோட இருக்கேன். உங்கக்கா காலை என் புள்ள கழுவணுமா?"

மகன் நிகிலன் கதவைத் தட்டினான். "அம்மா, ஐயர் கூப்பிடறாரு. தட்டு, சொம்பு எல்லாம் ரெடி."

சுகுணா குனிந்து புண் மேலிருந்த கட்டைப் பிரித்தாள். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவள், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள்.

அவள் போகட்டுமா? தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். வெளியே மேளம் தொடங்கிவிட்டது.