யார் வீட்டுத் தலை?

“எங்க வம்சத்துல யாருக்கும் இப்படித் தலை கிடையாது. இது உங்கப்பன் தலை.”

மூன்று வருஷமாக டுவேன் பாடுகிற பாட்டு இது. மகன் ரீடுக்கு நாலு வயசு. தலை வயசுக்கு மீறிப் பெரிசு. பேச்சும் வரவில்லை. இரண்டுக்கும் பழி மனைவி கோரின் பிறந்த வீட்டின் மேல்தான்.

இன்றைக்குப் புருஷனை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்திருந்தாள் கோரின்.

“அறுவடை அப்படியே நிக்குது. பையன் தலையை அளக்க நான் எதுக்குடி?”

“அப்பா அம்மா தலையையும் அளப்பாங்களாம். நம்மள்ல ஒருத்தருக்குப் பெரிசா இருந்தா, தலையைப் பத்திப் பயப்பட வேணாமாம்.”

“அப்ப உன்னுது ஒண்ணு போதுமே.”

அளக்கிற நாடா பேசட்டும் என்றிருந்தாள் கோரின்.

நர்ஸ் அவள் தலையைச் சுற்றி நாடாவை ஓட்டினார். “உங்களுக்குச் சாதாரண அளவுதான். ஐயா, தொப்பியைக் கழட்டுங்க.”

டுவேன் கழற்றினான். அதன் பின்பட்டை, இருப்பதிலேயே பெரிய அளவுக்கு, கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது.

நர்ஸ் அளந்தார். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார்.

“பையன் உங்களை உரிச்சு வச்சிருக்கான், போங்க.”

டாக்டரம்மா வந்து பார்த்தார். “குடும்பத்துத் தலைதான், அதுக்குக் கவலைப்படாதீங்க. பேச்சு வராததுக்கு இதான் காரணம்னு சொல்ல முடியாது. அதைத் தனியாப் பார்ப்போம்.”

டுவேன் காதில் பாதிதான் ஏறியது. வண்டியில் வந்து உட்கார்ந்தவன் சாவியைத் திருப்பவில்லை. பின்னால் ரீட் தூங்கிவிட்டான்.

“எல்லாம் என்கிட்டேருந்துதான் வந்திருக்கு,” என்றான்.

இந்த ஒரு நாளுக்காகத்தான் கோரின் மூன்று வருஷமாக நாக்கைச் சாணை பிடித்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

“தலை மட்டுந்தான் உன்னுது. பேச்சு வராததுக்கு அதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல.”

அவன் தலை நிமிரவில்லை.

“அப்புறம் இன்னொண்ணு, டுவேன். சிரிச்சா அவன் கன்னத்துல விழுதே குழி, அதுவும் உன்னுதுதான். எங்கம்மாவோடதுன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”