நாற்பத்திரண்டு டெசிபல்

மூன்று மணி நேரம் நாற்பது நிமிடங்களாக நாடகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நடுவர்கள் மூவரும் அதுவரை ஒரு நாடகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் இந்த ஆண்டு விதி. போன ஆண்டு நடுவர் தன் சொந்த ஊர்க்காரருக்கே விருது கொடுத்தார் என்று நாமக்கல் மண்டபத்தில் நாற்காலிகள் பறந்தன. அதனால் நாடகச் சங்கச் செயலாளர் வேலுமணி ஒலி அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டார். மைக் அரங்கில் இருந்தது. மீட்டர், மேடைக்குப் பின்னால் நடுவர்கள் அடைபட்டிருந்த ஏசி அறையில் இருந்தது. எந்த நாடகத்துக்குக் கைதட்டல் அதிகமோ அதற்கே விருது.

"மொகம் பாக்க வேண்டாம், ஊரு பாக்க வேண்டாம். மனுசன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லுமாங்க?" என்றார் வேலுமணி.

"அப்ப நாங்க எதுக்குங்க?" என்று கேட்டார் தலைமை நடுவர் தீர்த்தகிரி. ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்.

"கையெழுத்துப் போடறதுக்குங்க ஐயா."

கடைசி நாடகத்துக்கு முன் கதவு தயக்கமாகத் தட்டப்பட்டது. வெளியே வேட்டியும் துண்டுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"சாமி, நான் பள்ளிபாளையம் காளியப்பனுங்க. அடுத்து எம்பையன் இனியனோட நாடகமுங்க."

"சிபாரிசுன்னா அப்படியே திரும்பிப் போயிருங்க" என்றார் வேலுமணி.

"அய்யோ, இல்லீங்க. கெலிச்சா சென்னைல ஒரு வருசம் பயிற்சி, சோறு தங்கறதெல்லாம் சும்மான்னாங்க. நெசந்தானுங்களா?"

"நெசந்தான்" என்றார் தீர்த்தகிரி. "கெலிக்கலைன்னா?"

"திங்கக்கெழமை தறிப்பட்டறைக்குங்க. பத்தொம்பது வயசாச்சு, மொதலாளிக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"பத்தொம்பது வயசுப் பையன். பன்னெண்டு மணி நேரம் அந்தத் தறிச் சத்தத்துல நின்னா காது என்னத்துக்குங்க ஆகும்?" என்றார் தீர்த்தகிரி.

காளியப்பன் துண்டை முறுக்கினார். "சத்தம் அவனை ஒண்ணும் பண்ணாதுங்க சாமி. மொதலாளியும் அதைத்தான் சொன்னாரு." கும்பிட்டுவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஏதோ அறிவித்தது. வேலுமணி போனில் வடைக்குச் சட்னி கேட்டுக் கத்திக்கொண்டிருந்ததால் யார் காதிலும் அது விழவில்லை.

வசனம் இல்லாத நாடகம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருபது நிமிடங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மணி அடித்தது. நாடகம் முடிந்துவிட்டது.

நான்கு தலைகளும் மீட்டரின் மேல் குனிந்தன. நாற்பத்திரண்டு. மின்விசிறிகளின் சத்தமே அவ்வளவு இருக்கும்.

"வயர் புடுங்கிக்கிச்சா?" என்று வேலுமணி மீட்டரைத் தட்டினார். அந்த நேரம் அரங்கில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. எண் அறுபதுக்கு ஏறி, மறுபடியும் நாற்பத்திரண்டுக்கு இறங்கியது.

"ஐந்நூறு பேர்ல ஒருத்தர்கூடவா தட்டல?" தீர்த்தகிரி எழுந்து கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். "சித்த எட்டிப் பாத்துர்றேன்."

"பாத்தா விதி போச்சுங்க ஐயா. நாற்காலி பறந்தது மறந்துருச்சுங்களா? நாடகம் அந்த லட்சணம். சனம் சத்தங்காட்டாம பொட்டாட்டம் உக்காந்திருக்குது, அவ்வளவுதான்."

தீர்த்தகிரி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். வடை வந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தொண்ணூற்றேழு டெசிபல் வாங்கிய கெங்கவல்லிக் குழுவுக்கு முதல் பரிசு.

நடுவர்கள் மேடைக்கு வந்து முடிவை மைக்கில் வாசித்தபோது அரங்கம் ஒரு கணம் திகைத்து, பிறகு சலசலத்தது. "யாருக்குக் குடுத்தாலும் சனம் இப்படித்தான்" என்றார் வேலுமணி.

மேடைப் படிக்குக் கீழே காளியப்பன் நின்றிருந்தார். அவருக்கு அருகில், முகத்தில் வெள்ளைச் சாயம் கலையாமல், தலையை வாரிக்கொண்டு இனியன். படியேறத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்து, சிரித்த முகமாக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்த்தகிரிக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. "என்னுங்க, இப்பத்தானே மைக்கில சொன்னோம்? பையன் இன்னும் நின்னுட்டிருக்கான்?"

"எப்படிச் சொல்லறதுன்னு தெரியலீங்க. கெலிச்சுட்டேன்னு நெனைக்கறான்."

"எதை வெச்சுங்க அப்படி நெனைக்கறான்? உள்ள ஒரு கைதட்டல்கூட எங்களுக்குக் கேக்கலையே!"

காளியப்பன் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க பாக்கவே இல்லீங்களா? இந்தப் புள்ளைகளுக்குக் காது கேக்காது, தட்டாம கைய ஆட்டுங்கன்னு டீச்சரம்மா மொதல்லயே மைக்கில சொன்னாங்க. அத்தனை சனமும் எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையவும் தூக்கி ஆட்டுச்சுங்க."