நாலு கட்டை இராஜாங்கம்

பரிதி இருபுறமும் பார்த்துக்கொண்டான். மேடையில் ஆள் இல்லை. கீபோர்டின் மேல் குனிந்து ஒரு பொத்தானை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல நகர்ந்தான்.

திரைக்குப் பின்னால் நின்ற இராஜாங்கம் அதைப் பார்த்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை எங்கோ மறந்து வைத்துவிட்டு, பாதி ஒட்டிய மீசையோடு தேடி வந்தவர் அவர்.

"என்ன தம்பி, யாரு சொல்லி இந்த வேலை?"

பரிதி திடுக்கிட்டுத் திரும்பினான். "சும்மா... தூசி தட்டுனேண்ணே."

தூசி. அந்தப் பொத்தான் பாட்டு மொத்தத்தின் சுருதியையும் ஏற்றும், இறக்கும் என்பது இராஜாங்கத்துக்குத் தெரியாதா? சுருதியை ஏற்றி வைத்தால் உச்சத்துக்குப் போகும்போது பாடுகிறவன் குரல் கிழியும். ஆகாதவனை மேடையிலேயே கவிழ்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அதனால்தான் ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் தானே வந்து சுருதியைச் சரிபார்த்துவிட்டு மேக்கப்புக்கு உட்காருவார். அதற்குப் பிறகு கீபோர்டை யாரும் தொடுவதில்லை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

'வெண்ணாற்று ராஜா' இசை நாடகம் தஞ்சாவூரில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. நடவு முடிந்து கை ஓய்ந்த நேரம். நீடாமங்கலத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். ஆன்லைனில் டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்தது.

அடுத்தது சிங்கப்பூர். அங்கே கதாநாயகன் யார் என்பதுதான் பேச்சு. 'பழைய ராஜாவா, புது ராஜாவா?' என்று காலையில்கூட ஒரு யூடியூப் சேனல் கேட்டிருந்தது. புது ராஜா என்பது, இராஜாங்கத்துக்கு முடியாத நாளில் ஏறுவதற்காக எடுத்து வைத்திருக்கும் மாற்று நடிகன் பரிதி. சிங்கப்பூர்க்காரர்கள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்லப் போகிறார்கள்.

இன்று பார்த்துச் சுருதியில் கை வைக்கிறான்.

சத்தம் கேட்டுத் தயாரிப்பாளர் பஞ்சநதம் ஓடிவந்தார். அவர் பின்னாலேயே கீபோர்டு வாசிக்கும் செம்மொழியும், புல்லாங்குழல் சேக் தாவூதும்.

"என்னண்ணே ஆச்சு?"

"நீ புடிச்சு வச்சிருக்கிற மாற்று ஆளு என் குரலை உடைக்கப் பாக்குறான். சிங்கப்பூர் ஆசை. கையும் களவுமாப் புடிச்சிட்டேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம் தனியா வாங்க, சொல்றேன்" என்றான் பரிதி.

"தனியா வேற வரணுமா? எல்லார் முன்னாடியும் சொல்லு."

பரிதி எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

செம்மொழி முன்னால் வந்தாள். "அண்ணே, அது வந்து..."

"நீயும் கூட்டா? பேசாத. நான் வச்சிட்டுப் போன சுருதியிலயே வை. என் கண்ணு முன்னாடி வை."

அவள் பொத்தானைத் தட்டினாள். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, திரையில் ஏதோ ஓர் எண் மாறியது மட்டும் தெரிந்தது.

நாலு கட்டை. அத்தனை உயரமான சுருதியில் பாட இந்த டெல்டாவில் இன்னோர் ஆம்பளைக் குரல் இல்லை என்பார்கள். போஸ்டரிலேயே 'நாலு கட்டை இராஜாங்கம்' என்றுதான் போடுவார்கள். வயது அறுபதை நெருங்கியும், இந்த நாடகம் தொடங்கியதிலிருந்து குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் என்று பேட்டியில்கூடச் சொல்லியிருந்தார்.

சேக் தாவூது கையிலிருந்த நீளமான குழலைப் பைக்குள் வைத்துவிட்டு, குட்டையான ஒன்றை எடுத்தார். எடுத்தவர் பரிதியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன பாய், நீங்களும் அவன் பக்கமா?"

"நான் சுருதி பக்கம், ராஜாங்கம்" என்றார் பாய், சிரிக்காமல்.

"ஷோ முடியுற வரைக்கும் இவன் கீபோர்டுகிட்ட வரக் கூடாது. வந்தான்னா நான் மேடை ஏற மாட்டேன்."

பஞ்சநதம் பரிதியின் தோளைப் பிடித்து மேடையோரத்தில் நிறுத்தினார். அங்கிருந்தே அவன் கெஞ்சினான்.

"உச்சத்துல மட்டும் கொஞ்சம் பாத்துப் பாடுங்கண்ணே."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

திரை உயர்ந்தது. முதல் பாட்டிலேயே தொண்டை கரகரத்தது. ஆத்திரத்தில் கத்தியதன் பலன் என்று நினைத்துக்கொண்டார் இராஜாங்கம்.

அடுத்தது வெண்ணாற்றுக் கரை உடையும் காட்சி. ஜனங்கள் மொபைலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கும் பாட்டு. இரண்டாவது அடியில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது அடியில் குரல் கிழிந்தது. அதற்கப்புறம் வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது.

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. பஞ்சநதம் அவசரமாகத் திரையை இறக்கச் சொன்னார்.

இராஜாங்கம் நேராகப் போய்ப் பரிதியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். வெளியே வந்தது பேச்சில்லை, உடைந்த கரகரப்பு.

"எப்படியோ ஏத்திட்டேல்ல? எத்தனை கட்டை ஏத்துன? சொல்லுடா."

பரிதி அவர் கையை விலக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"ஏத்தலண்ணே. தினமும் ஒன்றரைக் கட்டை இறக்கித்தான் வைப்பேன். இன்னிக்குத்தான் நீங்க விடல."